ஆண் குழவியரிடத்துக் காணும் பிறவிச் சிறுநீர்த்தடை

நோயாளியின் சிறுநீரை நோக்கி நோயை உய்த்துணரும் முறை தமிழ் மருத்துவத்துக்குப் புதிதன்று. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்கள் சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் என்பவற்றையும், அதன்மேல் விட்ட எண்ணெய்த்துளி பரவும் வகையையும் ஆராய்வன. ஆயின், பிறந்து சில நாளேயான ஓர் ஆண் குழந்தையின் உயிரையும் எதிர்கால நலனையும் காத்தற்கு, சிறுநீர் எத்தகையது என்பதினும் அஃது எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதை நோக்குதல் வேண்டியதாகும் ஒரு நோயும் உண்டு. தாரையாகப் பாய வேண்டிய நீர் சொட்டுச் சொட்டாய்க் கசிகின்றதா, குழந்தை முக்கி முனகுகின்றதா, அடிவயிற்றில் கையை வைத்தால் உருண்டையொன்று தட்டுப்படுகின்றதா என்பன தாயும் பாட்டியும் மருத்துவிச்சியும் கண்டறியக்கூடியவை. மேனாட்டு மருத்துவர் இந்நோயைப் பின் சிறுநீர்வழி வால்வுகள் என்பர்.

ஏறத்தாழ 4,000 முதல் 8,000 வரையான ஆண் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகின்றது. ஆண்டொன்றில் ஓர் இலட்சம் ஆண் குழந்தைகள் பிறக்கும் நாடொன்றிலே 12 தொடக்கம் 25 வரையான குழந்தைகள் இக்குறையுடன் பிறப்பர் எனக் கணக்கிடலாம். தொகை சிறிதே. எனினும், குழந்தைப் பருவத்திலேயே சிறுநீரகம் செயலிழந்துபோகும் ஆண் பிள்ளைகளை எடுத்து நோக்கின், அதற்கான பிறவிக் காரணங்களுள் முன்னணியில் நிற்பது இதுவே. பிறவிக் குறையென்று கேட்டவுடன் தாயின்மீது பழியேற்றும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. கிரகண வேளையில் வெளியே சென்றாள், உண்ணத்தகாததை உண்டாள் என்று எவரேனும் ஒருவர் சொல்லாமலிரார். இந்நோயைப் பொறுத்தவரை அப்பேச்சுக்கு எவ்வித ஆதாரமும் இல்லை. கருவளர்ச்சியின் முதல் மூன்று மாதங்களுள், பெரும்பாலும் தாய் தன் நிலையை முழுமையாக உணருமுன்னரே, இக்குறை அமைந்துவிடுகின்றது. ஒரே குடும்பத்தில் இருவர்க்கு நேர்வது மிக அரிது.

குறை அமைந்துள்ள இடத்தை முதலில் அறிதல் நன்று. இரு சிறுநீரகங்களிலும் ஊறும் சிறுநீர், சிறுநீர்க்கான்கள் இரண்டின் வழியே இறங்கிச் சிறுநீர்ப்பையிலே தங்கி, அங்கிருந்து சிறுநீர்வழியினூடாக வெளியேறுகின்றது. ஆண்களில் இச்சிறுநீர்வழியின் மேற்பகுதி முன்னிற்குஞ் சுரப்பியை ஊடறுத்துச் செல்லும். அப்பகுதியின் பின்சுவரிலே சிறு மேடு ஒன்று உண்டு. இந்நோயுற்ற குழந்தைகளில் அம்மேட்டின் கீழ்ப்புறத்திலிருந்து மெல்லிய சவ்வு மடிப்புகள் இரண்டு புறப்பட்டு, முன்சுவரை நோக்கிச் சென்று ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். வெங்காயச் சருகினும் மிகத் தடித்ததன்று அச்சவ்வு. ஆயினும் மேலிருந்து நீர் வரும்போது காற்றடித்த பாய்போல் அது புடைத்து வழியை அடைத்துவிடும். கீழிருந்து ஒரு குழாயைச் செலுத்தினாலோ மடிப்புகள் சுவரோடு ஒதுங்கி வழிவிடும். ஒரு திசைக்கு மாத்திரம் இடந்தருதலாலேயே வால்வு என்ற பெயர் வந்தது. உடலில் ஒரு பயனுமின்றி நிற்கும் இம்மடிப்பை, இருதயத்தின் வால்வுகள் போன்றதோர் உறுப்பென்று அப்பெயர் மயங்கச் செய்வதும் உண்டு.

இவ்வொருதிசைக் குணம் காரணமாகவே நோய் நெடுங்காலம் மறைந்திருந்தது. இறந்த குழந்தையின் உடலைச் சோதிப்போர் சிறுநீர்வழியை முன்புறமாகக் கீறித் திறப்பது வழக்கம். அவ்வாறு கீறும்போது, முன்புறத்திலே பொருந்தியிருக்கும் சவ்வும் இரண்டாகப் பிளந்துபோக, தீங்கற்ற இரு சிறு மடிப்புகளே கண்ணுக்குப் புலனாகும். தடை இருந்த சுவடு மறைந்துவிடும். 18ஆம், 19ஆம் நூற்றாண்டு உடற்கூற்று நூல்களிலே இதனைப் பற்றிய குறிப்புகள் சில உளவெனினும், உயிரோடிருக்கும் குழந்தைகளிலே இதனை இனங்கண்டு முறையாக வகுத்துரைத்தவர் அமெரிக்காவிலே, பால்ற்றிமோர் நகரிலே, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையைச் சார்ந்த ஹியூ ஹம்ற்றன் யங் என்பவராவர். அவரும் துணைவர் இருவரும் 1919இல் வெளியிட்ட கட்டுரை மடிப்புகளை மூவகைப்படுத்திற்று. அவற்றுள் இரண்டாம் வகை தடையேற்படுத்துவதன்று என்பது பிற்காலத்தார் முடிபு. மூன்றுவகை என்பதே கற்பனை, உண்மையிலுள்ளது ஒரே சவ்வின் வேறுபட்ட தோற்றங்களே என்று வாதிட்டோரும் உளர். ஆயினும் யங் வகுத்த முதலாம் வகை என்னும் பெயர் இன்றளவும் மருத்துவக் குறிப்பேடுகளிலே நின்று நிலவுகின்றது.

தடை சிறிது, அதன் விளைவோ பெரிது. இதை விளங்கிக்கொள்ள வன்னிநாட்டுக் குளமொன்றை நினைவுகூரலாம். துருசு அடைபட்டதெனின் வயலுக்கு நீர் பாயாது. அஃது ஒரு துன்பம். ஆனால் மேலும் மேலும் மாரிநீர் வந்து சேருமாயின் துன்பம் துருசோடு நில்லாது. நீர் பின்னோக்கி ஏறும்; அணைக்கட்டு அழுத்தப்படும்; மேற்புலத்துக் காணிகள் அமிழ்ந்துபோம். கருப்பையிலுள்ள சிசுவுக்கு நேர்வதும் இதுவே. பத்தாவது வாரமளவிலேயே சிசுவின் சிறுநீரகம் நீரைப் பிரிக்கத் தொடங்கிவிடும். வெளியேற வழி காணாத நீரை உந்தித் தள்ளும் முயற்சியிலே சிறுநீர்ப்பையின் தசைகள் தடிக்கின்றன. ஓயாது பாரந் தூக்குவோன் புயத்தசை தடிப்பதை வலிமை என்போம். சிறுநீர்ப்பை தடிப்பது வலிமையன்று. விரிந்து கொடுத்து நீரைத் தாழ்ந்த அழுத்தத்திலே தாங்கி வைத்திருப்பதே அதன் முதற்கடன். தடித்து விறைத்த பை அக்கடனை ஆற்றாது. அழுத்தம் மேல்நோக்கிப் பரவுகின்றது. சிறுநீர்க்கான்கள் வீங்கி நெளிகின்றன. பலரில் பையிலுள்ள நீர் திரும்பவும் சிறுநீரகத்துக்கே எதிரோட்டமாக ஏறுகின்றது.

சிறுநீரகம் உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்திலேயே இவ்வழுத்தம் அதனைத் தாக்குகின்றது என்பதுதான் இந்நோயின் கொடுமை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் சிறுநீரகத்திகள் உண்டாதல் வேண்டும். கருப்பகாலத்தின் 36ஆம் வாரமளவில் அவ்வாக்கம் நின்றுவிடுகின்றது. அதன்பின் வாழ்நாள் முழுவதிலும் புதிதாக ஒன்றேனும் தோன்றுவதில்லை. ஆகவே பிறந்தபின் தடையை எத்துணை விரைவாக நீக்கினும், கருவிலே ஆகாமற்போன சிறுநீரகத்திகளை எந்த வைத்தியனாலும் ஆக்கித்தர இயலாது. தடை நீங்கியமையும் நோய் நீங்கியமையும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோர் பலர் உணராதிருப்பதற்கு இவ்வுண்மை அவர்க்கு எடுத்துரைக்கப்படாமையே காரணம் எனலாம்.

நுரையீரலும் இதனால் கேடுறுகின்றது. சிறுநீரகத்தில் நேர்ந்த குறை நெஞ்சினுள் இருக்கும் உறுப்பை ஏன் தாக்க வேண்டும் என்ற ஐயம் எழுதல் இயல்பு. கருப்பகாலத்தின் பிற்பாதியிலே பன்னீர்க்குடத்தை நிரப்பி நிற்பது பெரும்பாலும் சிசு கழிக்கும் சிறுநீரே. சிசுவின் நுரையீரல் விரிந்து வளர்தற்கு அந்நீர் இன்றியமையாதது. சிறுநீர் வெளிப்படாதவிடத்துப் பன்னீர்க்குடம் வற்றிப்போக, நுரையீரல் வளர்ச்சி குன்றுகின்றது. மிகக் கடுமையான தடையுடன் பிறக்கும் குழந்தை முதல் நாளிலேயே இறக்க நேரின், அதன் உயிரைக் கவர்வது பெரும்பாலும் மூச்சுத் திணறலேயன்றிச் சிறுநீரகக் கேடன்று.

குளத்துக்கு வான் இருப்பதுபோலச் சில குழந்தைகளிலே அழுத்தம் வடிந்தொழிய இயற்கையாகவே ஒரு போக்கிடம் அமைவதுண்டு. ஒரு பக்கச் சிறுநீரகம் எதிரோட்டம் முழுவதையும் தான் ஏற்றுக் கெட்டுப்போக, மற்றையது தப்பிப் பிழைக்கும். இன்னுஞ் சிலரில் சிறுநீர்ப்பையின் சுவரிலே ஒரு பை பிதுங்கும்; அல்லது சிறுநீர் வயிற்றறையினுள்ளே கசிந்து தேங்கும். இத்தகையோர் நல்வாய்ப்புடையோர் என முன்னர் உறுதியாக நம்பினர். நெடுங்காலம் தொடர்ந்து கவனித்தபோது அப்பாதுகாப்பு எண்ணிய அளவுக்கு முழுமையானதன்று என்பது புலனாயிற்று. எஞ்சிய சிறுநீரகமும் சிறிதேனும் அடிபட்டேயிருக்கும்.

கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று நிபுணர் இயன் டொனல்ட் என்பார் கழியொலி அலைகளைக் கொண்டு வயிற்றினுள் இருப்பவற்றைப் படமாக்கிய முறையை 1958இல் வெளியிட்டார். கப்பல்களிலும் ஆலைகளிலும் வழங்கிய ஒரு நுட்பம் கர்ப்பிணிகளின் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த வரலாறு அது. இன்று ஸ்கான் என்று சிற்றூர்களிலும் வழங்கும் அப்பரிசோதனையிலே, நீர் நிறைந்து தடித்த சிறுநீர்ப்பையும் அதன் கீழ் அகன்ற சிறுநீர்வழியும் சேர்ந்து ஒரு திறப்புத் துவாரத்தின் வடிவிலே தோன்றும். பன்னீர்க்குட நீரின் அளவையும் அதனாலேயே அறியலாம். இங்ஙனம் பிறக்கு முன்னரே ஐயுறப்படும் குழந்தையை, குழந்தைகளுக்கான சத்திர சிகிச்சை நிபுணர் உள்ள மருத்துவமனையிலே பெற்றெடுக்க ஒழுங்கு செய்ய முடிகின்றது.

கருவிலேயே நோய் தெரிகின்றதெனின் கருவிலேயே அதனை நீக்கலாகாதா? சான் பிரான்சிஸ்கோ நகரிலே மைக்கேல் ஹரிசன் என்பவர் தலைமையிலான குழுவினர் 1980களின் தொடக்கத்திலே இத்துறையிற் புகுந்தனர். சிசுவின் சிறுநீர்ப்பையிலிருந்து பன்னீர்க்குடத்துக்கு ஒரு சிறு குழாயை இட்டு நீரை வடியச் செய்யும் முறை பரவலாயிற்று. பயன் யாது என்பதை நிறுத்துப் பார்க்க இங்கிலாந்திலிருந்து நடத்தப்பெற்ற சோதனையொன்றின் முடிபு 2013இல் லான்செற் சஞ்சிகையிலே வெளிவந்தது. அதிலே சேர்ந்த தாய்மார் 31 பேரே. வேண்டிய தொகையினர் கிடையாமையால் சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. குழாயிட்ட சிசுக்களில் உயிர்பிழைத்தோர் கூடுதலெனத் தோன்றினும், இரண்டு வயதிலே சிறுநீரகக் குறையேதுமின்றி இருந்தோர் எல்லாருள்ளும் இருவர் மாத்திரமே. மூச்சைக் காக்கலாம், சிறுநீரகத்தைக் காத்தல் அரிது என்பதே இதுவரை கண்ட அனுபவம். பெற்றோர் எத்துணைக் கடினமான முடிபொன்றைச் சில நாள்களுள் எடுக்க வேண்டியவராகின்றனர் என்பதை இவ்வெண்கள் ஒருவாறு உணர்த்தும்.

ஸ்கானில் தப்பிப் பிறக்கும் குழந்தைகளும் உளர். தொடக்கத்திலே கூறிய அறிகுறிகள் பயன்படுவது ஈண்டேயாம். பிறந்து 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் சிறுநீர் கழித்துவிடும். அதற்குமேல் தாமதிப்பதும், தாரையின்றிச் சொட்டுவதும் உடனே வைத்தியரிடம் கூற வேண்டியவை. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: தடித்த சிறுநீர்ப்பை வன்மையாக உந்துமாயின் தாரை நன்றாயிருப்பதுபோலவும் தோன்றலாம். ஆகவே நல்ல தாரை கண்ட மாத்திரத்தே நோயில்லை என்று துணிதலும் தவறு. வேறு சில குழந்தைகள் சில வாரங்களின்பின் காய்ச்சல், வாந்தி, பால் குடியாமை, எடை கூடாமை என்பவற்றுடன் கொண்டுவரப்படுவர். தேங்கிய சிறுநீரிலே பற்றீரியா பெருகி இரத்தத்திலும் கலந்த நிலை அது. அன்றைய தினத்திலேயே சிகிச்சை தொடங்காவிடின் உயிருக்கு ஆபத்து. தடை மிதமானதெனின் பாடசாலை செல்லும் வயதிலேதான், படுக்கையை நனைத்தல், பகலிலும் ஆடை நனைதல் என்று நோய் தலைகாட்டும்.

சிகிச்சையின் முதற்படி கத்தியன்று. ஒரு மெல்லிய குழாயைச் சிறுநீர்வழியே செலுத்தித் தேங்கிய நீரை வடியவிடுதலே. குழந்தைக்குப் பாலூட்டப் பயன்படும் நுண்குழாயே பெரும்பாலும் இதற்குப் போதும். அழுத்தம் திடீரென நீங்கியதும் சிறுநீரகங்கள் நீரையும் உப்பையும் அளவின்றி இழக்கத் தொடங்குவதுண்டு. எனவே இரத்தத்திலுள்ள சோடியம், பொற்றாசியம், அமிலத்தன்மை ஆகியவற்றை மணிக்கணக்கிற் கண்காணித்துச் சீர்செய்தல் வேண்டும். கிரியேற்றினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு சிறுநீரகத்தின் தகைமையைக் காட்டுவது. ஆயின் முதல் நாளிலே குழந்தையின் இரத்தத்திற் காண்பது தாயின் கிரியேற்றினினே. சில நாள் சென்ற பின்னரே அஃது குழந்தையின் உண்மை நிலையை உரைக்கும். பின்னர்ச் சிறுநீர்ப்பையிலே நிறமருந்தை நிரப்பி, குழந்தை அதனைக் கழிக்கும் வேளையில் எக்ஸ்-கதிர்ப் படம் பிடிப்பர். அகன்ற மேற்பகுதியும், திடீரென ஒடுங்கிய கீழ்ப்பகுதியும் நோயை ஐயந்திரிபறக் காட்டிவிடும்.

சவ்வைக் கீறுதல் சில நிமிட வேலை. விரலினுஞ் சிறிய ஓர் உறுப்பினுள்ளே கண்ணாற் பார்த்துக்கொண்டு கீறுதல் எவ்வாறு என்பதே ஒருகாலத்திற் பெருஞ் சிக்கலாயிருந்தது. அதனைத் தீர்த்தவர் ஒரு மருத்துவரல்லர். ஹரல்ட் ஹொப்கின்ஸ் என்னும் ஆங்கிலப் பௌதிகவியலாளர். (பால்ற்றிமோர் மருத்துவமனையின் பெயருக்கும் இவருக்கும் தொடர்பில்லை.) நெடிய குழாயொன்றிலே சிறு வில்லைகளை இடையிடையே வைத்து நடுவே காற்றை விடுவதே அதுகாறும் இருந்த முறை. அதனைத் தலைகீழாக்கி, குழாய் முழுவதையும் கண்ணாடிக் கோல்களால் நிரப்பி, அவற்றிடையே சிறு காற்று வெளிகளையே வில்லைகளாக அவர் 1959இல் அமைத்தார். ஒளி பன்மடங்கு தெளிவாயிற்று; கருவியின் பருமன் குறைந்தது. குழந்தையின் சிறுநீர்வழியினுள்ளும் நோக்கிக் கீறத்தக்க கருவிகள் அதன்பின் வந்தன. அத்தகைய கருவிக்கும் இடந்தராத அளவு குறைமாதக் குழந்தையாயின், அடிவயிற்றிலே சிறுநீர்ப்பைக்கு ஒரு தற்காலிக வாயிலைத் திறந்துவிட்டு, குழந்தை வளர்ந்தபின் சவ்வைக் கீறுவர். எவ்வழியாயினும், சில வாரங்களின்பின் மீண்டும் நோக்கி எச்சம் உளதா என்று பார்த்தல் வழக்கம்.

இவ்வளவில் நோய்க்கதை முடிந்ததென்று வீடு திரும்பும் பெற்றோர் பலர். பிள்ளை தாரையாகச் சிறுநீர் கழிக்கின்றான். வேறென்ன வேண்டும் என எண்ணுவர். முன்னே கூறிய தடித்த பை அவனுள்ளேயே இருக்கின்றது. அது முதலில் விறைத்து, அடிக்கடி சுருங்கி, ஆடையை நனைக்கும். பதின்ம வயதையடையும்போது தளர்ந்து, முற்றாக நீரை வெளியேற்ற இயலாததாய்விடும். இதற்கிடையே, கெட்ட சிறுநீரகம் நீரைச் செறிவாக்கும் ஆற்றலை இழந்திருப்பதால் இரவும் பகலும் பெருமளவு சிறுநீர் ஊறிக்கொண்டேயிருக்கும். விறைத்த பையும் நிறைந்து வழியும் நீருமாகச் சேர்ந்து, தடை நீங்கிய பின்னரும், பழைய அழுத்தத்தையே சிறுநீரகத்துக்கு மீண்டும் உண்டாக்குகின்றன. முதலாண்டிலே கிரியேற்றினின் மிகத் தாழ்ந்து நிற்கும் அளவு ஒரு தெசிலீற்றருக்கு 0.8 மில்லிகிராமுக்கு உட்பட்டதாயின் எதிர்காலம் பெரும்பாலும் நன்றாயிருக்கும். 1 மில்லிகிராமைத் தாண்டுமாயின் அச்சத்துக்கு இடமுண்டு. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரிலே 1953 தொடக்கம் 2003 வரை சிகிச்சை பெற்றோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011இல் வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் நிலையை அடைந்திருந்தனர். அவர்களிலே மூன்றில் இரு பங்கினர்க்கு அஃது 17 வயதுக்கு முன்னரே நேர்ந்தது. ஏனையோர்க்கு அதன் பின்னர். உடல் வேகமாக வளரும் பருவத்திலே, குறைந்த தொகையினவான சிறுநீரகத்திகள் பெருத்த உடலின் சுமையைத் தாங்கமாட்டாமையே இதற்குக் காரணம். ஆறு வயதிலே நலமாயிருந்தான் என்பது பதினாறு வயதுக்குப் பிணையாகாது.

காய்ச்சலோடு வரும் சிறுநீர்த்தொற்று எஞ்சிய சிறுநீரகத்தையும் அரிப்பதாகலின் அதனைத் தடுத்தல் முக்கியம். பிரான்சிலே மருத்துவமனைகள் பல சேர்ந்து நடத்திய சோதனையொன்றில், நுண்ணுயிர்கொல்லி மருந்து மாத்திரம் பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 20 பேர்க்கு இரண்டாண்டுகளுள் அத்தகைய தொற்று ஏற்பட, மருந்தோடு முன்தோலும் நீக்கப்பட்டவர்களில் 3 பேர்க்கே ஏற்பட்டது. முன்தோல் நீக்கத்தை ஒரு சமயத்தாரின் சடங்காகவே எண்ணிப் பழகிய குடும்பங்கள் வைத்தியர் அதனைக் கூறியதும் திகைப்பது இயல்பு. இங்கே அது சடங்கன்று; சிகிச்சையின் ஒரு கூறு.

பையை வசப்படுத்துதற்குப் பல வழிகள் உள. அதன் விறைப்பைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. முற்றாக வெளியேறாத நீரைப் பிள்ளையே தூய குழாயொன்றினால் நாளொன்றுக்குப் பலமுறை எடுத்துக்கொள்ளப் பழகலாம். சிலர்க்கு இரவு முழுவதும் குழாயை வைத்து வடியவிடுவர். சிறுநீர்வழியே குழாயிடுதல் நோவு தருமாயின், குடல்வாலை எடுத்துச் சிறுநீர்ப்பைக்கும் வயிற்றுத் தோலுக்குமிடையே ஒரு வழியாகப் பொருத்தும் முறையை மித்ரோபனொப் என்னும் பிரெஞ்சு நிபுணர் 1980இல் வெளியிட்டார். பயனற்றதென்று பள்ளிப் புத்தகங்கள் ஒதுக்கிய குடல்வால் இவ்வாறு ஒரு பயனைப் பெற்றது. சிறுநீரகம் மாற்றிப் பொருத்தும் நிலை வரினும் பையை முதலிற் சீர்செய்தல் வேண்டும். இல்லையேல் பழைய பை புதிய சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

இவை யாவற்றுள்ளும் நாள்தோறும் செய்யவேண்டியது மிக எளிய ஒன்று: நேரங்குறித்துச் சிறுநீர் கழித்தல். உணர்ச்சி வரும்வரை காத்திராது, இரண்டு அல்லது மூன்று மணிக்கு ஒருமுறை கழிப்பதும், கழித்துச் சில நிமிடங்களின்பின் மீண்டும் ஒருமுறை முயல்வதும் அவ்வொழுங்கு. நாளின் பெரும்பகுதி பிள்ளை பாடசாலையிலே இருக்கின்றான். நீர்ப்போத்தலை அடிக்கடி எடுப்பவனும், பாடவேளையில் வெளியே செல்ல அனுமதி கேட்பவனும், நீளக்காற்சட்டை நனைந்தமையால் ஆசனத்தை விட்டு எழ மறுப்பவனும் குறும்பு செய்வோர் என்றே கருதப்படுவது எளிது. இத்தகைய பிள்ளை தண்டனைக்கு அஞ்சி நீர் குடிப்பதைக் குறைப்பான். நீரைச் செறிவாக்க இயலாத அவனது சிறுநீரகம் அதனால் மேலும் வாடும். அல்லது, பாடம் முடியும்வரை அடக்கிக்கொள்வான்; பையின் அழுத்தம் ஏறும். பெற்றோர் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு சொற் சொல்லி வைப்பதும், ஆசிரியர் ஏனைய மாணவர் அறியாவண்ணம் கதவருகே அவனுக்கு ஓரிடம் ஒதுக்கி, கேளாமலே எழுந்து சென்றுவர இசைவளிப்பதும், அவன் செல்லும் கழிப்பறையிலே தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் போதும்.